இரைப்பை சிறுத்த பின்: எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு

எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சையைப் பற்றி வன்னியில் இரண்டு கதைகள் உலவுகின்றன. "வயித்துக் கொழுப்பை வெட்டி எடுத்துப் போட்டாங்கள்" என்பது ஒன்று. "இனி என்ன சாப்பிட்டாலும் உடம்பு வைக்காது" என்பது மற்றது. இரண்டுமே பிழை. அந்த நம்பிக்கையோடு வீட்டுக்கு வருகிறவரும் அவரைப் பார்க்கிற வீட்டாரும் முதல் சில மாதங்களில் படாத பாடு படுகிறார்கள். கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இந்தச் சத்திரசிகிச்சையில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. மாற்றுவது இரைப்பையை, சில முறைகளில் சிறுகுடலின் பாதையையும். இன்று உலகில் கூடுதலாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ நீளவாக்கில் வெட்டி அகற்றிவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாய் போல விட்டுவிடுவார்கள். அடுத்தது 'பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் சற்றுத் தள்ளிய பகுதியோடு நேரே இணைப்பார்கள். மிகுதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதற்குள் போகாது.

இடம் குறைவது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். தெரியாத மாற்றமும் ஒன்று உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் வளைவில். ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதி போய்விடுவதால் பசியே குறைகிறது. பைபாஸில் சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போய்ச் சேர, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன. இன்சுலினின் வேலையும் மேம்படுகிறது. எடை பெரிதாகக் குறைய முன்னரே பலருக்குச் சலரோகம் கட்டுப்படத் தொடங்குவது இதனால்தான். உடற்பருமன் மனவுறுதி இல்லாதவர்களின் குறை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். பசி என்பது சுரப்புகளின் வேலை. அதைத் திட்டிக் குறைக்க முடியாது.

வன்னியில் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்புகிறார்கள். சிறு துளைகள் வழியாகக் கமரா விட்டுச் செய்வதால் எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு விடுவார்கள். முன்பு ஷெல் காயத்துக்காக வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். உள்ளே குடல் ஒட்டிப் போயிருக்கலாம். அப்படியானால் துளை வழியாகச் செய்வது கடினமாகி, வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். தங்கும் நாட்களும் அதற்கேற்பக் கூடும்.

முதல் சோதனை ஏ9 வீதிதான். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குக் காலின் நாளங்களில் குருதி உறையும் ஆபத்து அதிகம். அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வாகனத்தை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி நடக்க வேண்டும். இருக்கையில் இருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வரலாம். குருதி உறையாமலிருக்க ஊசி எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள் வரை விடாமல் போட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் "படுத்துக் கிடவுங்கோ, எழும்பாதேங்கோ" என்று பாசத்தில் கட்டிலோடு கட்டி வைப்பதுதான் நாங்கள் செய்யும் பெரிய கெடுதல். முற்றத்தில் நாலு சுற்று, சிறிது ஓய்வு, திரும்ப நாலு சுற்று. நடை இங்கே மருந்துக்குச் சமம். தோள்மூட்டில் ஒரு குத்து இருக்கும். சத்திரசிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது அது. நடக்க நடக்கச் சில நாளில் போய்விடும்.

ஆனால் எல்லாத் தோள்வலியும் வாயு இல்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், ஓயாத படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம் என்றே எண்ண வேண்டும். இருந்தபடியே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால், வலி இல்லாவிட்டாலும், விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், கறுப்பாக மலம் போனாலும் அப்படித்தான். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கிளிநொச்சியோ, முல்லைத்தீவு மாஞ்சோலையோ, வவுனியாவோ, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் கொழும்பில் தந்த டயக்னோசிஸ் காட்டை (நோயும் செய்த சிகிச்சையும் எழுதிய அட்டையை) கையில் கொண்டு போங்கள். என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவது வாட்டில் வழமையான வேலை. ஆனால் புதிதாகத் தைத்த சிறு இரைப்பையில் அதைக் கண்மூடித்தனமாக விட்டால் தையலைத் துளைக்கக்கூடும். அவசரத்தில் இருக்கும் இளம் வைத்தியருக்கு நோயாளி சொன்னால்தான் தெரியவரும்.

இனிக் குடிப்பது. முதல் மாதத்தில் திரும்பவும் வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பலர் வருவது உடலில் நீர் வற்றித்தான். எங்கள் வெயிலில் இது இன்னும் கடுமை. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வேண்டும். ஆனால் ஒரே மடக்கில் அரைக் குவளை கூட இறங்காது. ஒரு போத்தலைக் கையோடு வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை மிடறு மிடறாகக் குடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. செம்பை அண்ணாந்து மளமளவென்று குடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஸ்ட்ரோவும் சோடாவும் வேண்டாம், இரண்டும் காற்றை உள்ளே தள்ளும். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் வரையும் தண்ணீர் குடிக்கக் கூடாது. இருக்கிற கொஞ்ச இடத்தைத் தண்ணீர் பிடித்துவிடும், அல்லது சாப்பாட்டைக் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள வரண்ட வலயத்தில், குறிப்பாக வவுனியாப் பக்கம், இதைச் சாதாரணமாக விட முடியாது. பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுதல்.

சாப்பாடு படிப்படியாக மாறும். நாட்கணக்கை உங்கள் வைத்தியர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு இரண்டாவது வாரம் முடியும்வரை பாலும் தயிரும் வடித்த சூப்பும், மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது, அடுத்த இரண்டு வாரம் மென்மையானது, அதன்பிறகு மெல்ல மெல்ல வழமைச் சாப்பாடு. எங்கள் அடுப்படியில் இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வேகவைத்த மைசூர்ப் பருப்பின் தெளிந்த நீர், பருப்பு மசியல், உறைப்பில்லாத சொதியில் முள் நீக்கிப் பிசைந்த மீன், பதமாக அவித்த முட்டை, இனிப்பில்லாத தயிர். இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் பிடிக்கிற குளத்து மீன் மலிவு, சதையும் மென்மை. முள்ளை மட்டும் விரலால் தேடித் தேடி எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாம் தங்கியிருப்பது இதில்தான். எங்கள் தட்டில் முதலில் விழுவது சோறு. அதன் மேல் கறி. சோறு ஒரு மலை, மீன் ஒரு துண்டு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு வேளைக்கு அரைக் குவளை கூட இறங்காத வயிற்றில் முதலில் சோற்றைப் போட்டால் புரதத்துக்கு இடமே இல்லை. எடை வேகமாகக் குறையும்போது உடல் கொழுப்போடு தசையையும் தின்னும். அதைத் தடுப்பது புரதம். நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை என்பது பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. சைவக்காரருக்குப் பருப்பு, கடலை, பயறு, தயிர் எல்லாம் சேர்ந்தாலும் எட்டுவது சிரமம். சோயாமீற் உலர்ந்த நிலையில் ஏறத்தாழப் பாதி புரதம், அதனால் அது அவர்களுக்கு நல்ல துணை; மென்மையான சாப்பாட்டுக் கட்டம் வந்தபின், நன்றாக ஊறவைத்துப் பொடியாக அரிந்து சமைக்க வேண்டும். ஆக, முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பிறகு மரக்கறி, கடைசியில் இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. இடம் இல்லாவிட்டால் சோறு இல்லை. அதனால் யாரும் பலவீனப்பட்டுப் போவதில்லை.

புட்டு பலருக்குத் தொண்டையோடு நின்றுவிடுகிறது. காய்ந்த புட்டும் பாணும் உள்ளே போய்க் கட்டிபட்டு அடைக்கும். சில மாதம் கழித்து, நன்கு நனைத்து, சிறு வாயாக முயன்று பார்க்கலாம். இடியப்பம் சொதியோடு சற்று இலகு, ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சொட்டு போன்ற நார்ப் பொருட்கள் உருண்டு திரண்டு வழியை அடைக்கலாம். நீண்ட காலத்துக்கு எச்சரிக்கை தேவை. முருங்கைக்கீரையைப் பருப்போடு நன்றாக மசித்தால் பிரச்சினை இல்லை. எதுவானாலும் ஒரு வாயை இருபது முப்பது தடவை மென்று, விழுங்கி, ஆறி, பிறகு அடுத்த வாய். ஒரு சிறு கோப்பைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் போகும். நெஞ்சுக்குள் இறுக்கம், ஏப்பம், திடீரென்று மூக்கால் நீர் வடிதல் ஆகியவை 'நிறுத்து' என்ற சைகை. அதன் பிறகு ஒரு வாய் வைத்தாலும் சத்திதான்.

இங்கேதான் வீட்டின் கதை வருகிறது. பாதி முட்டையோடு தட்டைத் தள்ளிவைக்கும் மகனைப் பார்த்து "இன்னுமொரு வாய் சாப்பிடு ராசா" என்று சொல்லாத தாய் வன்னியில் இல்லை. அந்தத் தாய் 2009இல், போரின் கடைசி மாதங்களில், ஒரு சிரட்டைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவராக இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடந்தவராக இருக்கலாம். ஒவ்வொரு மே மாதமும் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சி நினைவுகூருகிற மண் இது. தட்டில் சாப்பாடு மிஞ்சுவதும், பிள்ளை மெலிவதும் அவருக்கு வெறும் காட்சிகள் இல்லை. அவரிடம் போய் கலோரிக் கணக்குச் சொல்வதால் பயனில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஒரு தடவையாவது கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போய், வைத்தியர் வாயாலேயே கேட்க வைப்பது நல்லது. சமைக்கிறவர் அவர்தான் என்றால் மசிக்கும் வேலையையும் அளக்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். பெரிய தட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கோப்பையில் பரிமாறினால் மிச்சம் விழாது, அவர் மனமும் நோகாது. ஒரு வாய் கூடக் கொடுத்துச் சத்தி எடுக்க வைப்பதைவிட, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதில் அவருடைய பரிவுக்கும் இடம் உண்டு.

கோயிலும் கொண்டாட்டமும் வேறு விதமான சிக்கல். வற்றாப்பளைப் பொங்கலில் சர்க்கரைப் பொங்கலை மறுப்பது எளிதில்லை. பைபாஸ் செய்தவர் அதைக் கையளவு சாப்பிட்டாலும், பத்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றை முறுக்கி, தலை சுற்றிப் படுக்க வேண்டி வரலாம். இனிப்பு செரிக்காமல் சிறுகுடலுக்குள் ஒரேயடியாக விழ, குடல் உடலில் இருக்கும் நீரை உள்ளே இழுப்பதால் வருவது இது. சிலருக்கு இன்னொன்றும் உண்டு: ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்து இன்சுலின் கூடிப்போய், குருதியில் சீனி சட்டென்று இறங்கி, கை நடுங்கும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், பைபாஸ் அளவுக்கு இல்லை. பிரசாதத்தை நெற்றியில் ஒற்றி, ஒரு பருக்கை வாயில் வைத்தால் அம்மனுக்குக் குறையேதும் இல்லை. முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிக் கொறிக்கிற பழக்கமும் இப்படித்தான். கச்சானில் புரதம் இருந்தாலும் கொழுப்பு அதைவிட அதிகம். கொறித்துக்கொண்டே இருந்தால் சின்ன இரைப்பையும் கணக்குப் பார்க்காது. விரதங்களைப் பொறுத்தவரை, தண்ணீரும் குடிக்காத விரதம் முதல் வருடத்தில் வேண்டாம். கந்தசஷ்டி, தவக்கால ஒறுத்தல், நோன்பு எதுவானாலும் வைத்தியரைக் கேட்ட பிறகே.

மருந்து விடயத்தில் மூன்று ஆபத்துகள் உண்டு. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் முன்பு போட்ட குளிசைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது முதலாவது. சாப்பாடு கால்வாசியாகக் குறைந்த உடலுக்கு அதே இன்சுலின், அதே குளிசை என்றால் சீனி அபாயமாக இறங்கும். பிரஷர் விழுந்து மயக்கம் வரும். கிளினிக் கொப்பியில் பழைய அளவு எழுதியிருப்பதால் மாதாமாதம் அதுவே கிடைக்கும். புதிய அளவைக் கொப்பியில் எழுதுவித்த பிறகுதான் கொழும்பிலிருந்து வெளிக்கிட வேண்டும். தானாக நிறுத்துவதும் கூடாது.

இரண்டாவது, வலிக்குளிசை. வயல் வேலை செய்தால் முதுகு நோகும், பார்மசியில் டைக்ளோபெனாக் கேட்டால் கிடைக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோபன் வகைகள் இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கி, ஓட்டை விழும் வரை கொண்டுபோகும். ஸ்லீவ் செய்தவர்களும் தவிர்ப்பதே நல்லது. அளவோடு பனடோல் போதும். சிகரெட், பீடிக்கும் அதே புண் வரும்.

மூன்றாவது ஆபத்து மெதுவானது. உடம்பு இலேசாகி நன்றாக இருக்கும்போது விற்றமின் குளிசையை நிறுத்திவிடுவார்கள். ஆயுள் முழுக்கப் போட வேண்டியது அது. இரும்புச்சத்தும் கல்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் குடற்பகுதியைப் பைபாஸ் தாண்டிப் போகிறது. பி12ஐ உடல் எடுத்துக்கொள்ள இரைப்பைச் சுரப்பு தேவை. உள்ளே சேமித்த பி12 தீர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதன் பிறகு கால் விறைப்பு, தள்ளாட்டம், மறதி என்று வரும்போது நரம்பு கெட்டுவிட்டிருக்கும். தேவையானவர்களுக்கு ஊசியாகவும் போடலாம். இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். பிளேன்ரீயும் இரும்பைத் தடுக்கும். குளிசை போட்டு உடனே பிளேன்ரீ குடிக்கிற எங்கள் வழக்கத்தில் அந்தக் குளிசை வீண்.

சத்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காவிட்டால் அது தனி அவசரம். தயமின் என்ற பி1 விற்றமின் சில வாரங்களுக்கே உடலில் கையிருப்பில் இருக்கும். அது தீர்ந்த நிலையில் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். "தயமினை முதலில் போடுங்கோ" என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

மூன்றாம் நான்காம் மாதமளவில் சீப்பில் கொத்தாக முடி வரும்போது பெண்கள் நடுங்கிப் போகிறார்கள். உடல் அதிர்ச்சியால் வரும் உதிர்வு அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். வேகமாக மெலியும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம், அதற்காகச் சிலருக்கு ஆறு மாதம் ஒரு குளிசை தருவார்கள். தளர்ந்து தொங்கும் தோல் தானாகச் சுருங்காது. மடிப்புகளை உலர்வாக வைத்திருந்தால் எங்கள் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்காது. பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைய, பல வருடம் தங்காதிருந்த கர்ப்பம் எதிர்பாராமல் தங்கும். பைபாஸுக்குப் பின் கருத்தடைக் குளிசையை மட்டும் நம்பக் கூடாது; வேறு முறைகளைக் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம். கள்ளோ சாராயமோ முன்பைவிட வேகமாகக் குருதியில் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும் என்பதை ஆண்கள் வீட்டுக்குள் ஒளித்து வைக்காமல் பேச வேண்டும்.

நாலிலிருந்து ஆறு வாரம் வரை நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் போன்ற பாரம் தூக்கக் கூடாது. செயற்கைக்கால் போட்டவர்களுக்கு ஒரு செய்தி: உடல் மெலியும்போது துண்டித்த காலின் எஞ்சிய பகுதியும் மெலியும். அது பொருந்தியிருக்கும் செயற்கைக்காலின் கிண்ணம் நேற்று வரை இறுகப் பிடித்திருந்தாலும் இன்று ஆடும், உரசிப் புண்ணாக்கும், விழுத்தும். காலுறையைத் தடிப்பாக்கிச் சில நாள் சமாளிக்கலாம். பிறகு கால் செய்த நிலையத்திலேயே கிண்ணத்தை மாற்ற வேண்டும். முதல் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படலாம். நடக்க முடியாமல் எடை கூடியவருக்கு நடை மீளும் காலம் இது, ஆடுகிற கிண்ணத்தால் அது நின்றுபோக விடக் கூடாது.

ஊர் வாய் சும்மா இராது. முன்பு "என்ன இப்பிடி ஊதிப்போனாய்" என்று கேட்டவர்களே "ஏதும் பெரிய வருத்தமோ?" என்று கேட்பார்கள். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அழுகை, எரிச்சல், தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வீட்டிலும் கிளினிக்கிலும் சொல்லிவிடுங்கள். மனம் சோர்ந்தால் அதுவரை சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு இப்போது அந்தக் கதவும் மூடியிருக்கும்.

எடை குறைவது ஒரே வேகத்தில் போகாது. சில வாரம் தராசு அசையாது நின்று, பிறகு இறங்கும். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பலருக்கு மொத்த உடல் எடையில் கால்பங்கோ, சற்றுக் கூடவோ குறையும். அதன்பின் பசி கொஞ்சம் திரும்பும், சில கிலோ ஏறும். பெரும்பாலானோருக்கு அது இயல்பு. பல கிலோ ஏறினால் ஒளிந்துகொள்ளாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும், அதற்கும் சிகிச்சை உண்டு. குருதிப் பரிசோதனை முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் செய்வது வழமை. ஒவ்வொன்றுக்கும் கொழும்புக்கு ஓட முடியாதென்றால், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதுவித்து வாங்கி, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ செய்து, முடிவுகளை அனுப்பலாமா என்று வீட்டுக்கு வெளிக்கிடும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.